சிறு காரியாலயங்களில் நிலையான விலாசம்

ஹைதராபாத் நகரின் பழைய வட்டாரங்களில் கதவு எண் மூன்று பகுதிகளால் ஆனது. முதற் பகுதி வார்டையும், இரண்டாவது அவ்வார்டில் அடங்கிய பிளாக்கையும், மூன்றாவது வீட்டையும் குறிக்கும். ஹிமாயத்நகரில் 3-6 என்று தொடங்கும் எண்கள் தெருத்தோறும் காணப்படுகின்றன. எண்கள் வரிசை தப்பி அமைந்த சந்துகளும் உண்டு. புதிதாக வருபவர் அவற்றில் திகைத்து நிற்பது இயல்பே. எனினும் தபால்காரருக்கு இம்முறையால் பெருந் தொல்லை இல்லை. வீட்டில் குடியிருப்போர் மாறலாம். கதவு எண் மாறுவதில்லை.

ஒரு காரியாலயத்தில் வலையமைப்பால் இணைக்கப்பட்டுள்ள கம்ப்யூட்டர், பிரிண்டர், காமிரா முதலிய சாதனங்களுக்கும் இத்தகைய எண் விலாசம் உண்டு. 192.168.0.103 என்பது போலப் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக அது எழுதப்படும். ஆனால் கதவு எண்ணைப் போன்று அது சுவரில் பொறிக்கப்பட்டதன்று. சத்திரத்தில் வந்து தங்குபவருக்கு அன்றைக்குக் காலியாக உள்ள அறையின் சாவியைக் கொடுப்பது போல, ரூட்டர் என்னும் சிறு பெட்டி அவ்வப்போது வழங்குவதே அவ்விலாசம். நேற்று மூன்றாம் அறையில் இருந்தவர் இன்று ஐந்தாம் அறையில் இருக்கலாம். அவரைத் தேடி வருபவர் இல்லையெனில் இதனால் யாதொரு கெடுதியும் இல்லை. தேடி வருபவர் உண்டெனில்தான் சங்கடம் தோன்றுகிறது.

ஹைதராபாத், செகந்திராபாத் ஆகிய இரட்டை நகரங்களில் இச்சங்கடத்தைச் சந்திக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. 1999 ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கு ‘ட்வின்ஸ்’ என்னும் சோதனைத் திட்டம் தொடங்கியது. அதுவே 2001 இல் ‘ஈ-சேவா’ நிலையங்களாக விரிந்தது. 2011 இல் ‘மீசேவா’ தொடங்கப்பட்டது. மின்சாரக் கட்டணம், நகராட்சி வரி, சான்றிதழ் ஆகியவற்றிற்காகக் கம்ப்யூட்டர் வைத்த முகப்பின் முன் மக்கள் நிற்கும் பழக்கம் இவ்வாறு வேரூன்றியது. முகப்பில் இருப்பவர் பொத்தானை அழுத்தியும் பிரிண்டரிலிருந்து ரசீது வரவில்லையாயின், வரிசை முழுவதும் காத்து நிற்க வேண்டியதுதான்.

அமீர்பேட்டையில் மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றியுள்ள பயிற்சி நிலையங்களில் இளைஞர் பலர் பெரிய வலையமைப்புகளை நிர்வகிக்கும் கலையைக் கற்றுச் செல்கின்றனர். பயின்றவர்கள் பெரிய நிறுவனங்களுக்குப் போய்விடுகின்றனர். செகந்திராபாத் பார்க் லேனிலுள்ள செனாய் டிரேட் சென்டர் போன்ற கடைத் தொகுதிகளில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு ரூட்டர் வாங்கி வரும் பத்துப் பேர் கொண்ட காரியாலயத்துக்கோ, அதைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் கடைப் பையனே நிபுணன். அவன் போன பிறகு பெட்டியை அறிந்தவர் அங்கு எவரும் இல்லை. பள்ளிக் கூடங்களிலும் களப் பணிக் காரியாலயங்களிலும் நிலைமை இதுவே ஆதலால், இவ்விஷயம் ஆசிரியர்களும் பணியாளர்களும் தாமே அறிந்து கொள்ளத் தக்கதாகும்.

விலாசம் வழங்கப்படும் விதத்தை முதலில் கவனிப்போம். சாதனம் உயிர் பெற்றதும், “எனக்கு விலாசம் தருவார் உண்டோ?” என்று வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி ஒரு செய்தியை அனுப்புகிறது. ரூட்டர் ஓர் எண்ணைக் குறிப்பிட்டு, “இதை வைத்துக்கொள்” என்கிறது. சாதனம் அதை ஏற்பதாகத் தெரிவிக்கிறது. ரூட்டர் உறுதி செய்கிறது. ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் இப்பேச்சுக்கு டி.எச்.சி.பி. முறை என்று பெயர். 1993 இல் வெளியிடப்பட்டு, 1997 மார்ச்சில் திருத்தம் பெற்ற விதிகளே இன்றும் இதற்கு அடிப்படை. கொடுக்கப்படும் விலாசம் தானமன்று, குத்தகை. சில ரூட்டர்கள் 2 மணி நேரத்துக்கும், வேறு சில 24 மணி நேரத்துக்கும் குத்தகை தருகின்றன. பாதிக் காலம் கழிந்ததும் சாதனம் அதைப் புதுப்பித்துக் கொள்ள முயல்கிறது. சாதனம் இயங்கிக் கொண்டே இருந்தால் அதே எண் அதனிடமே நெடுநாள் நிலைத்திருக்கும்.

இதனால்தான் கோளாறு பல மாதம் வெளியே தெரியாமல் இருந்துவிடுகிறது. மின்சாரம் நின்று திரும்பும் நாளில் அது வெளிப்படுகிறது.

ஹிமாயத்நகரில் கணக்குத் தணிக்கையாளர் ஒருவரின் காரியாலயம் இருப்பதாகக் கொள்வோம். மாதம் 20 ஆம் தேதி. சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள். ஆறு கம்ப்யூட்டர்களும் யூ.பி.எஸ். மூலம் இயங்குகின்றன. லேசர் பிரிண்டர் சூடேறும்போது மிகுதியாக மின்சாரம் உறிஞ்சுமாதலால் அதை யூ.பி.எஸ்.ஸில் இணைப்பதில்லை. ரூட்டரை இணைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பிற்பகல் இடி மழையில் பத்து நிமிடம் மின்சாரம் நின்று மீள்கிறது. பிரிண்டர் விரைவில் விழித்துக் கொண்டு விலாசம் கேட்கிறது. ரூட்டர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பதில் வராமையால் பிரிண்டர் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தனக்குத் தானே சூட்டிக் கொள்கிறது. எவரும் விலாசம் தராதபோது சாதனங்கள் தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒதுக்கப்பட்ட எண் வரிசை அது; அவ்வெண்ணுக்குக் காரியாலயத்துக் கம்ப்யூட்டர்களிலிருந்து வழி கிடையாது.

பின்னர் ரூட்டர் எழுகிறது. மலிவான ரூட்டர்கள் பல, யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்னும் பட்டியலை மின்சாரம் உள்ளவரை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். ஆகவே அது வெற்றுப் பலகையுடன் தொடங்குகிறது. இடையில் ஓர் எழுத்தரின் கைபேசி வந்து 103 ஐப் பெற்றுக் கொள்கிறது. பிரிண்டரை நிறுத்தி மீண்டும் இயக்கியதும் அதற்கு 105 கிடைக்கிறது. ஆனால் ஆறு கம்ப்யூட்டர்களும் பிரிண்டர் 103 இல் இருப்பதாகவே எழுதி வைத்திருக்கின்றன. அச்சிட வேண்டிய தாள்களைப் பாவம், அந்தக் கைபேசிக்கு அனுப்பிக் கொண்டிருக்கின்றன. “பிரிண்டர் கெட்டுவிட்டது” என்று கடைக்கு ஆள் போகிறது. பிரிண்டருக்கு ஒன்றும் நேரவில்லை. அதன் கதவு எண் மாறிவிட்டது, அவ்வளவே.

யூ.பி.எஸ்.ஸில் இயங்கிய கம்ப்யூட்டர் ஒன்று தன் பழைய எண்ணைக் கைவிடாமல் வைத்திருக்க, பட்டியலை இழந்த ரூட்டர் அதே எண்ணை வேறொரு சாதனத்துக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. அப்போது இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவு எண் ஏற்பட்ட கதைதான். செய்திகள் ஒரு நிமிடம் இவரிடமும், மறு நிமிடம் அவரிடமும் போய்ச் சேரும். ரூட்டரையும் யூ.பி.எஸ்.ஸில் இணைத்து விட்டால் இத்தொல்லைகளில் பாதி நீங்கும். ரூட்டருக்கு வேண்டிய மின்சாரம் மிகச் சொற்பம்.

மறு பாதியை நீக்க வழக்கமாகக் கடைக்காரர் செய்வது, பிரிண்டரின் சிறு திரையிலேயே விலாசத்தைக் கையால் பதிவு செய்துவிட்டுப் போவது. பயன் உடனே தெரிவதால் அனைவரும் திருப்தி அடைகின்றனர். ஆனால் ரூட்டருக்கு இச்செய்தி தெரியாது. 100 முதல் 199 வரையுள்ள எண்கள் தன் வசம் இருப்பதாக அது எண்ணியிருக்க, பிரிண்டருக்கு 103 என்று கையால் எழுதினால், என்றாவது ஒரு நாள் அது 103 ஐ வேறொருவருக்குக் கொடுக்கக் கூடும். கையால் எழுதுவதானால், வழங்கும் வரிசைக்கு வெளியே, உதாரணமாக 11 என்றோ 12 என்றோ எழுத வேண்டும். அப்போதும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. ரூட்டர் பழுதாகி, 192.168.0 என்ற தெருவுக்குப் பதிலாக 192.168.1 என்ற தெருவை ஆளும் வேறொரு ரூட்டர் வந்தால், கையால் எண் எழுதப்பட்ட சாதனங்கள் யாவும் பழைய தெருவிலேயே நின்றுவிடும். ஒவ்வொன்றையும் தேடிப் போய் மாற்ற வேண்டும். சுவர் உச்சியில் பொருத்திய காமிராவாயின் ஏணியும் தேவைப்படும்.

இதனினும் சிறந்த வழி, விலாசத்தைச் சாதனத்தில் எழுதாமல் ரூட்டரில் எழுதுவது. சாதனம் எப்போதும் போல விலாசம் கேட்கும். ஆயினும் ரூட்டர் அதற்கென ஒதுக்கிய எண்ணையே என்றும் கொடுக்கும். இது புதிய யுக்தி அன்று. 1985 இல் வெளியான பூட்பி என்னும் பழைய முறையில் இவ்வாறு ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் என்று பட்டியல் எழுதி வைப்பதே வழக்கம். காலியுள்ள எண்ணைக் குத்தகைக்கு விடும் ஏற்பாடு அதன் பிறகே வந்தது. இப்போது கடையில் கிடைக்கும் மிக மலிவான ரூட்டர்களிலும் இப்பழைய முறை பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. டிபி-லிங்க் பெட்டிகளில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்றும், டி-லிங்க் பெட்டிகளில் ‘டி.எச்.சி.பி. ரிசர்வேஷன்’ என்றும் அதைக் காணலாம். இதற்காகத் தனியே செலவழிக்க வேண்டியதில்லை.

ஒதுக்கீடு செய்வதற்குச் சாதனத்தின் மேக் எண்ணை அறிதல் வேண்டும். அது சாதனம் செய்யப்படும்போதே அதில் பதியப்பெறும் 12 இலக்கங்கள் கொண்ட அடையாளம். 0 முதல் 9 வரையுள்ள எண்களும், ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துக்களும் அதில் வரும். முதல் ஆறு இலக்கங்கள் உற்பத்தி செய்த ஸ்தாபனத்தைக் குறிக்கும். பிரிண்டரின் பின்புறச் சீட்டிலோ, அது அச்சிட்டுத் தரும் நிலவர அறிக்கையிலோ மேக் எண் காணப்படும். ரூட்டரின் பக்கத்தில் அதை எழுதி, எதிரே வேண்டிய விலாசத்தை எழுதிச் சேமித்துவிட்டால் காரியம் முடிந்தது. பின்பு ரூட்டரையும் சாதனத்தையும் ஒருமுறை நிறுத்தி இயக்குதல் நலம். சில பெட்டிகளில் அதுவரை ஒதுக்கீடு அமலுக்கு வருவதில்லை.

இங்கே சிலர் இடறி விழும் இடம் ஒன்றுண்டு. கம்பி வழியாகவும் வைஃபை வழியாகவும் இணையக் கூடிய பிரிண்டருக்கு மேக் எண்கள் இரண்டு. கம்பிக்குரிய எண்ணை எழுதிவிட்டுப் பிரிண்டரை வைஃபையில் இணைத்தால் ஒதுக்கீடு பலிக்காது. அவ்வாறே கைபேசிகளில், 2019 இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020 இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலும், உடையவரின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு உண்மையான மேக் எண்ணுக்குப் பதிலாகப் புனைந்த எண்ணைக் காட்டும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. கைபேசிக்கு நிலையான விலாசம் தேவைப்படுவது அபூர்வம். தேவைப்படின் அவ்வலையமைப்புக்கு மட்டும் அவ்வழக்கத்தை அணைத்துவிட வேண்டும்.

எல்லாச் சாதனங்களுக்கும் ஒதுக்கீடு செய்ய வேண்டும் என்பதில்லை. பிறர் தேடி வரும் சாதனங்களுக்கே அது அவசியம்: பிரிண்டர், கோப்புகளைப் பொதுவில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர், காமிராப் பதிவுப் பெட்டி, பள்ளியின் ஆய்வுக் கூடத்தில் மாணவர்களின் கம்ப்யூட்டர்கள் நாடும் ஸர்வர். தானே வெளியே சென்று தொடர்பு கொள்ளும் சாதனத்துக்கு எந்த எண் இருந்தாலும் ஒன்றுதான். 2014 இல் மத்திய அரசுக் காரியாலயங்களில் புகுத்தப்பட்ட ஆதார் வழி வருகைப் பதிவுச் சாதனம் மத்திய ஸர்வரைத் தானே நாடிச் செல்வதாகையால் இவ்வகையைச் சேர்ந்தது.

ஒதுக்கீட்டுப் பட்டியலை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்தல் வேண்டும். சாதனத்தின் பெயர், இருக்கும் இடம், மேக் எண், விலாசம், எழுதிய தேதி ஆகியவை போதும். ரூட்டர் இடியால் கருகிப் போன நாளில் அந்நோட்டின் அருமை தெரியும். ரூட்டரின் அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாக எடுத்து வைக்கவும் இடமுண்டு. ஆனால் அக்கோப்பு வேறு மாதிரி ரூட்டருக்கு உதவாது. நோட்டு எதற்கும் உதவும்.

ஒதுக்கீடெல்லாம் ஒழுங்காக இருந்தும் விலாசங்கள் குழம்புகின்றன என்றால், பெரும்பாலும் இரண்டாவது ரூட்டரே காரணமாக இருக்கும். பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு மலிவான பெட்டியை வாங்கி, முதற்பெட்டியிலிருந்து வரும் கம்பியை அதன் கம்ப்யூட்டர் துளை ஒன்றில் செருகிவிடுகின்றனர். இப்போது ஒரே சத்திரத்தில் சாவி கொடுப்போர் இருவர். எவர் முதலில் பதில் சொல்கிறாரோ அவரது எண்ணைச் சாதனம் ஏற்றுக் கொள்கிறது. இரண்டும் ஒரே ஸ்தாபனத்தின் பெட்டிகளாயின் இரண்டுக்கும் 192.168.0.1 என்ற சொந்த விலாசமே இருக்கும் என்பதால் குழப்பம் இரட்டிக்கும். இரண்டாவது பெட்டிக்கு முதலில் வேறொரு சொந்த விலாசம், உதாரணமாக 192.168.0.2, கொடுத்து, அதன் விலாசம் வழங்கும் பகுதியை அறவே நிறுத்திய பிறகே கம்பியைச் செருக வேண்டும். கம்பியை ‘வான்’ என்று குறித்த துளையில் செருகினால் சண்டை ஓயும். ஆனால் பின்னறையினர் தனித் தெருவினராகிவிடுவர். முன்னறைக் கம்ப்யூட்டர்கள் பின்னறைப் பிரிண்டரை எட்ட இயலாது.

இதுவரை கூறியது காரியாலயத்துக்குள் வழங்கும் விலாசம். இணையத்தில் வழங்கும் வெளி விலாசம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, பிரிண்டர் காணாமற் போவதற்கு மருந்தாக இணைய நிறுவனத்திடம் கூடுதல் கட்டணம் செலுத்தி ‘ஸ்டாடிக் ஐ.பி.’ வாங்குவோர் உளர். அப்பணம் வீண். வெளி விலாசத்துக்கும் உள்ளே பிரிண்டர் பெறும் எண்ணுக்கும் தொடர்பே இல்லை.

வெளி விலாசத்துக்குக் கட்டணம் ஏன் என்று கேட்கலாம். 1981 இல் வகுத்த விதிப்படி விலாசம் 32 இரும இலக்கங்களால் ஆவது. எனவே உலகம் முழுவதற்கும் உள்ளவை 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் மட்டுமே. பற்றாக்குறை வருவதை உணர்ந்து, 1996 பிப்ரவரியில் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் வரிசைகளை எவரும் தம் வீட்டுக்குள்ளே உபயோகிக்கலாம் என்று ஒதுக்கினர். அதனால்தான் ஹைதராபாத்திலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் எண்ணற்ற பிரிண்டர்களுக்கு ஒரே விலாசம் இருந்தும் ஒன்றுக்கொன்று இடையூறு இல்லை. அப்படியும் 2011 பிப்ரவரி 3 ஆம் தேதி உலகப் பொது இருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசியப் பகுதியின் இருப்பு கடைசிப் பங்குக்கு வந்தது. 2012 இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் விலாசங்களை இணைய நிறுவனங்களின் உள் உபயோகத்துக்கென ஒதுக்கினர். ரூட்டரின் நிலவரப் பக்கத்தில் வெளி விலாசமாக இவ்வரிசையில் ஓர் எண் காணப்பட்டால், அக்காரியாலயத்துக்கு உண்மையில் தனி வெளி விலாசம் இல்லை. பல வாடிக்கைக்காரர் ஒன்றைப் பகிர்ந்து கொள்கின்றனர் என்பது பொருள். 128 இரும இலக்கங்கள் கொண்ட ஆறாம் பதிப்பு விலாசங்கள் இப்பஞ்சத்தைப் போக்கி வருகின்றன. ஆயினும் சிறு காரியாலயத்தின் பிரிண்டர் இன்னும் பழைய எண்ணையே பெரிதும் நம்பியிருக்கிறது.

காரியாலயக் காமிராவை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையால் வெளி விலாசம் வாங்கி, ரூட்டரில் ஒரு வாயிலைத் திறந்து, பதிவுப் பெட்டிக்கு நேராக வழிவிடுவோர் பலர். நிலையான விலாசம் நண்பருக்கு மட்டும் நிலையானதன்று. 2016 இல் பரவிய ‘மிராய்’ என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச் சொல் மாற்றப்படாத காமிராக்களையும், பதிவுப் பெட்டிகளையும், ரூட்டர்களையும் இணையம் முழுவதும் தேடித் தன்வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 ஆம் தேதி அத்தகைய சாதனங்களின் படையால் டைன் என்னும் அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டு, பிரசித்தி பெற்ற இணையதளங்கள் பல மணிக் கணக்கில் எட்டாமற் போயின. சாதனங்களின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் எதையும் அறிந்திரார். படம் வழக்கம் போலத் தெரிந்து கொண்டுதான் இருந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பது அவசியமேயானால், வாயிலைத் திறந்து விடுவதை விட, வி.பி.என். என்னும் பூட்டிய வழியை அமைத்துத் தருமாறு விஷயம் அறிந்தவரைக் கேட்பது மேல். எதுவாயினும் ரூட்டர், பதிவுப் பெட்டி இரண்டின் கடவுச் சொற்களையும் முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியரோ பணியாளரோ ஒரு மாலைப் பொழுதில் இவ்வேலையைச் செய்து முடிக்கலாம். 1 ரூட்டருக்கு, 11 முதல் 19 வரை பிரிண்டர்களுக்கு, 21 முதல் 29 வரை ஸர்வருக்கும் பதிவுப் பெட்டிக்கும், 100 முதல் 199 வரை வந்து போகிறவர்களுக்கு. சில ரூட்டர்கள் வழங்கும் வரிசைக்குள் உள்ள எண்ணையே ஒதுக்க அனுமதிக்கும். அப்படியாயின் 190க்கு மேற்பட்டவற்றை எடுத்துக் கொண்டாலும் தவறில்லை. பிறகு ரூட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பக் கொடுத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு தாள் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். ஆறு தாளும் வந்தால் நோட்டில் தேதியிட்டு, அதை ரூட்டருக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் தொங்கவிடலாம். கடவுச் சொல்லை மட்டும் அந்நோட்டில் எழுதலாகாது.